அம்மியைச் சுற்றி வந்த கால்

“அந்த செருப்ப அங்கயே வெய்யி கலை—”

“நீ மொதல்ல வயிய வுடு—”

“புள்ள தூங்கினுகீது, எய்ந்துக்கப் போவுது—”

“எய்ப்பறது யாரு? கத்தறது நீயா நானா?”

“நான் எங்க கத்தறேன்? அந்த மில்லு களத்துல ஒரே உமித்தூசின்னு உனுக்கு எத்தினி வாட்டி—”

“தூசி புள்ளைக்குத்தான் ஆவாது. எனுக்கு நல்லா ஆவும். நவுரு.”

பொழுது இன்னும் புலரவில்லை. கார்த்திகை மாதத்து ஈரக்காற்று கதவிடுக்கில் நுழைந்து மண்ணெண்ணெய் விளக்கை ஆட்டிக்கொண்டிருந்தது. கரண்டு போய் வெகுநேரம். ஸ்ரீதர் வாசற்படியை அடைத்து நின்றான். கலைமதி வெள்ளைக் கராத்தே உடுப்பை மாட்டி, பிரவுன் பெல்ட்டை இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டு, அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்தியிருந்தாள். அவனும் அதே வெள்ளை உடுப்பு, அதே பிரவுன் பெல்ட். புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு, சண்டைக்கு இலக்கணம் படித்தவர்களாய், அந்த ஒற்றை அறைக்குள் வாயாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஞாயித்துக்கெழம காஞ்சீபுரத்துல டெஸ்டு,” என்றாள் கலைமதி. “பெரிய மாஸ்டரு மெட்ராஸ்லேந்து வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் வர்றாரு. இந்த வாட்டி வுட்டா எனுக்கு பிளாக் பெல்ட்டு அடுத்த கார்த்திகைக்குத்தான்.”

“அடுத்த கார்த்திகைக்கு வாங்கேன். பெல்ட்டு எங்க ஓடிடப் போவுது?”

“அப்ப நீ அடுத்த கார்த்திகைக்கு வாங்கு.”

“நான் தினம் கிளாஸுக்குப் போறவன். நீ போயி எத்தினி மாசம் ஆவுது? வூட்ல ரெண்டு தாட்டி கைய வீசினா அது கராத்தேவா?”

“ரெண்டு தாட்டியா? நீ தினம் என்ன தாண்டித்தான வெளிய போற? கண்ண மூடிக்கினா போற?”

புருஷன் பெண்சாதி சண்டைக்குள் ஊர் நுழையக்கூடாது என்பார்கள். அது தனி வீட்டுக்காரர்களுக்குச் சொன்னது. ஸ்ரீபெரும்புதூரின் இந்தக் கடைசித் தெருவில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில், ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுச் சுவரில் முட்டித்தான் திரும்பும். முட்டியது. அடுத்த நிமிஷம் அந்த அடுத்த வீட்டு லூர்தம்மாள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“இன்னாபா ஸ்ரீதரு, வாசப்படிய ஏன் கட்டிப் புடிச்சினுகீற? வுய்ந்துடுமா அது?”

“நீங்களே கேளுங்கக்கா. புள்ளைய உட்டுட்டு இவ—”

“எங்க உட்டுட்டு? எங்கிட்டதான உடுது. இன்னிக்கு எனுக்கு கேண்டீன் லீவு. ஒரு நாளு நான் வெச்சினுகீறேன். நேத்தே சொல்லிட்டேன் கலைகிட்ட.” உள்ளே எட்டிக் கட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, “ஆனா ஒண்ணு கலை. புருசன நீ வா போன்னுகிறியே, தாலி கட்டுனவன்தான இவன்?” என்றாள்.

“கிளாஸ்ல எனுக்கு ஜூனியரு அக்கா இவரு. குனிஞ்சு நிக்கக் கத்துக்குடுத்ததே நான்தான். மரியாத வாயில வர மாட்டேன்னுது.”

லூர்தம்மாள் சிரித்தாள். ஸ்ரீதர் சிரிக்கவில்லை. வழியை விட்டான்.

கலைமதி சொன்னது வேடிக்கைக்கில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், வீட்டுக்கு வருகிற வழியில் விளக்கில்லாத ஏரிக்கரை ஒன்று. அந்தக் கரையில் ஒருவன் ஒரு நாள் சைக்கிளைக் குறுக்கே போட்டான். அவள் கையிலிருந்த டிபன் கேரியரால் அவன் மூக்கை உடைத்துவிட்டு வந்தாள். மறுநாளே கராத்தே கிளாஸில் போய் நின்றாள். ஏன் வந்தாய் என்று கேட்ட மாஸ்டரிடம், டிபன் கேரியர் எல்லா நாளும் கையில் இருக்காது என்று சொன்னாள். ஸ்ரீதர் வந்தது அதற்கு அடுத்த வருஷம். அடித்தால் தடுக்கத் தெரியாமல், தடுத்தால் அடிக்கத் தெரியாமல் நின்ற பம்புக் கம்பெனிப் பையன். மாஸ்டர் அவனை அவள் கையில் ஒப்படைத்தார். முட்டியை மடக்கு, முதுகை நிமிர்த்து என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவனையே கட்டிக்கொண்டாள்.

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகிறபோதும் அவள் கால் சும்மா இல்லை. கணுக்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. சோறு வடிக்கும்போதும், குழாயடியில் குடத்தோடு நிற்கும்போதும், கொஞ்ச நாளாய் அவள் உடம்பு இப்படித்தான் கயிற்றில் கட்டின கன்றாய் இழுத்துக்கொண்டே இருந்தது.

“இன்னிக்கு ஓரமா ஒக்காந்து பாரு போதும்,” என்றான் ஸ்ரீதர், முன்னால் பார்த்துக்கொண்டே.

“ஒக்காந்து பாக்கறதுக்கு இன்னாத்துக்கு பெல்ட்டு கட்டுறாங்க?”

“எல்லாரும் புதுப் பசங்க. உன்ன தெரியாது அவங்களுக்கு.”

“தெரிஞ்சிக்கட்டும்.”

“பேசவே வுட மாட்டியா?”

“நீ பேசறது எதுவும் சரியாப் படல எனுக்கு. ஏன் பயப்படற?”

அவன் பெடலை அழுத்தி மிதித்தான்.

ஒரகடம் ரோட்டில் ஒரு ரைஸ் மில். அதன் பின்னால் அவித்த நெல்லைக் காயப்போடுகிற சிமெண்டுக் களம். பகலெல்லாம் நெல் கிடக்கும். ஏழு மணிக்கு ஆட்கள் கூடை தூக்கி வருவதற்குள் அது கராத்தே கிளாஸ். மாஸ்டர் சுப்பிரமணி மட்டும் அதை டோஜோ என்பார். லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். செருப்பைக் கழற்றாமல் யாராவது களத்தில் கால் வைத்தால் மட்டும் அந்த மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. எல்லாரும் மாஸ்டருக்கு எதிரே வரிசையாக நிற்க வேண்டும். பெல்ட்டில் பெரியவர் வலது ஓரம். ஒரே பெல்ட் என்றால் அதை முதலில் வாங்கியவர் வலது ஓரம். அந்த ஓரத்தில் நிற்கிறவர்தான் “ரே” என்று குரல் கொடுப்பார். மொத்த வரிசையும் குனிந்து வணங்கும். வயிற்றில் பிள்ளை தரிக்கும்வரை அந்த வலது ஓரம் கலைமதியுடையது. அவளுக்கு இடப்பக்கம் ஸ்ரீதர்.

பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் அவள் மறுபடி உடுப்பை எடுத்தபோது, தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதம் வந்தது. ஊரே போலீஸானது. பத்துப் பேர் சேர்ந்து நின்றால் யார் எவர் என்று விசாரித்த நாட்கள். அதிலும் இருட்டோடு கூடிக் கையைக் காலை வீசுகிறவர்களை யார் விடுவார்கள்? மாஸ்டர் களத்தை மூடிவிட்டார். மறுபடி திறந்தது ஆடி மாதத்தில். இரண்டு நாள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனாள். உமித்தூசி குழந்தையின் நெஞ்சில் இறங்கி, மூச்சு பூனை மாதிரி கரகரவென்று இழுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டினாள். அத்தோடு கலைமதிக்கு டோஜோ என்றால் அந்த ஒற்றை அறைதான்.

இன்று அவள் போர்வையைக் கழற்றி மடித்துவைத்து, நேரே வலது ஓரத்துக்குப் போனாள். அங்கே ஸ்ரீதர் நின்றுகொண்டிருந்தான். நகரவில்லை. வரிசையிலிருந்த புதுப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

சுப்பிரமணி மாஸ்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். “யாரு, கலைமதியா?” என்று நின்றார். “இன்னாம்மா அதிசயமா கீது. நீ கராத்தேவ வுட்டுட்டன்னு சொன்னாங்களே.”

“யாரு சொன்னாங்க மாஸ்டர்?”

மாஸ்டரின் பார்வை அவளைத் தாண்டிப் போனது. உடனே திரும்பிக்கொண்டது. அதுவே போதுமாயிருந்தது.

“ஆடி மாசமே சொன்னான் ஸ்ரீதரு. வுட்டுட்டா, இனிமே வராதுன்னு. அதனாலதான் காஞ்சீபுரத்துக்கு உன் பேர நான் சொல்லல.” குரலைத் தாழ்த்தி, “ஏன், இல்லியா?” என்றார்.

கலைமதி பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நீண்டுவிடும் என்று பயந்தாள். கை நீளக்கூடாத இடம் அது. நீட்டக் கற்றுக்கொடுத்த இடமும் அதுதான்.

“நான் வுடல மாஸ்டர். வூட்ல பண்ணிக்கினுதான் கீறேன்.”

“வூட்ல பண்றது—”

“பாருங்க. பாத்துட்டு சொல்லுங்க.”

கட்டா என்பது எதிரில் ஆளே இல்லாமல் போடுகிற சண்டை. தடுப்பு, அடி, உதை, திரும்பல் எல்லாம் வரிசை பிசகாமல் வர வேண்டும். ஆரம்பித்த புள்ளியிலேயே வந்து முடிய வேண்டும். இரண்டு இடத்தில் வயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்ப வேண்டும். கலைமதி களத்தின் நடுவில் போய் நின்றாள். மூச்சை இழுத்தாள். தொடங்கினாள்.

முதல் தடுப்பு பளிச்சென்று விழுந்தது. அடுத்த அடியில் காலை முன்னால் நீட்ட வேண்டிய இடத்தில் அவள் கால் வளைந்து, எதையோ சுற்றிக்கொண்டு போனது. களம் மொட்டையாகக் கிடந்தது. சுற்ற அங்கே ஒன்றும் இல்லை. திரும்பிக் குத்துவிடுகிற இடத்தில் முழங்கை பாதியில் மடங்கியது. பெரிய தாவல் ஒரு சாண் அகலத்துக்குள் சுருங்கியது. கத்தல் வர வேண்டிய இடத்தில் வாய் திறந்தது, வயிறு குழிந்தது, சத்தம் வரவில்லை. காற்று மட்டும் புஸ்ஸென்று போனது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். முடித்தபோது அவள் ஆரம்பித்த இடத்தில் இல்லை; எங்கோ தள்ளி, மில்லின் பக்கம் போய் நின்றிருந்தாள்.

அவளுக்கே திடுக்கென்றது. இத்தனை நாளும் வீட்டில் அது சரியாகத்தானே வந்தது.

மாஸ்டர் நடந்து வந்து அவள் கால் வளைந்த இடத்தில் நின்றார். “உன் வூட்ல இங்க இன்னா கீது?”

“அம்மிக்கல்லு மாஸ்டர்.”

“கைய மடக்கினியே, அங்க?”

“பீரோ.”

“இந்தப் பக்கம் தாவாத நின்னுட்டியே?”

“கட்டிலு.”

வரிசையில் இப்போது நன்றாகவே சிரித்தார்கள். மாஸ்டரும் லேசாகச் சிரித்தார். “சரி, கத்தல் எங்க போச்சு?”

“பாப்பா தூங்கும் மாஸ்டர்.”

யாரும் சிரிக்கவில்லை. ஸ்ரீதர் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஆடி மாசம் தெறந்தப்ப இங்க ஒருத்தனுக்கும் முட்டி மடங்கல,” என்றார் மாஸ்டர், வரிசையைப் பார்த்து. “எனுக்கே மடங்கல. இந்தப் பொண்ணுக்கு மடங்குது.” அவள் பக்கம் திரும்பி, “ஆனா உன்ன இப்டியே கூட்டினு போனா பெரிய மாஸ்டரு என்னத்தான் கேப்பாரு. டெஸ்டுக்கு முன்னாடி இன்னும் மூணு விடிகாலை கீது. மூணு காலையும் இங்க வந்து நில்லு. கால நீட்டு, வாயத் தெற. ஞாயித்துக்கெழம நான் அவருகிட்ட வாயால சொல்லி உன்னையும் நிக்க வெக்கறேன். ஒரு நாளு தவறினாலும் கூட்டினு போவ மாட்டேன். அது உனுக்கு மட்டும் இல்ல, டெஸ்டுக்குப் போற எல்லாருக்கும்தான்.”

“சரி மாஸ்டர்.”

“எடத்துல போயி நில்லு.”

அவள் வலது ஓரத்துக்கு நடந்தாள். ஸ்ரீதர் ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தான். அவனை அடுத்து நின்றவன் நகர்ந்தான். வரிசை முழுக்க அந்த ஓர் அடி நகர்ந்து போனது. குரல் கொடுக்க வேண்டியது இப்போது அவள். “ரே” என்றாள். பக்கத்து வீட்டில் கொஞ்சம் காப்பித்தூள் கேட்கிற குரல்தான் வந்தது. பையன்கள் குனிவதா வேண்டாமா என்று தயங்கினார்கள்.

திரும்பி வரும்போது அவள் சைக்கிளில் ஏறவில்லை. அவன் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான்.

“ஏறு கலை. கம்பெனி பஸ்ஸு போயிடும்.”

“போ. யாரு உன்ன புடிச்சிவெச்சாங்க?”

எதிரே செங்கல் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

“ஆடி மாசமேவா?” என்றாள்.

“அந்த ஆளு தினம் கேட்டாரு. கலைமதி ஏன் வர்ல, கலைமதி எப்ப வரும்னு. ஒரு நாளாச்சும் நீ எப்டி பண்றடா ஸ்ரீதருன்னு கேக்கல. சலிச்சுப் போயி ஒரு நாளு சொல்லிட்டேன். வாய் தவறி வந்துட்ச்சி.”

“வாய் தவறினா மக்யா நாளு மாத்தி சொல்லக்கூடாதா?”

“மக்யா நாளு வலது ஓரத்துல நிக்க வெச்சிட்டாங்க.”

அவள் நின்று அவனைப் பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

“காலைல நான் பண்ணிக்கினு இருக்கறப்ப என் காலு மேல காலு படாம ஒதுங்கி ஒதுங்கி வெளிய போவியே. போயி, அவ வுட்டுட்டான்னு சொல்ல எப்டி மனசு வந்துச்சு?”

“நெஜத்த சொல்லட்டா? எனுக்கு அது கராத்தேவாவே தெரியல. கூட்டறா, மொழுவறா, அந்த மாதிரி இதுவும் ஒரு வூட்டு வேலன்னு பட்டுது.”

“கூட்டறது மொழுவறது இன்னா அவ்ளோ சுளுவா?”

“அத்த சொல்லல.”

“அத்தத்தான் சொல்ற.”

மில் சங்கு ஊதியது. அவன் வேகமாகத் தள்ளினான். அவளும் வேகமாக நடந்தாள்.

“சரி வுடு. மூணு காலை,” என்றான். “ரெண்டு பேரும் போவ முடியாது. லூர்தக்காவுக்கு நாளைலேந்து காலை டூட்டி.”

“தெரியும்.”

“எங்கம்மாவ வாலாஜாபாத்லேந்து வரச் சொன்னா?”

“உங்கம்மா வந்தா என்ன இந்த டிரஸ்ஸோட படி எறங்க வுடுமா?”

“அப்ப ஒருத்தருதான். நீயே சொல்லு. இப்ப நீ பண்ணத பாத்த இல்ல? கட்டிலு, பீரோன்னு. நான் ரெடியா கீறேன். நீ வூட்லயே பண்ணு, அடுத்த வருஷம்—”

“அடுத்த வருஷம் உன் பெல்ட்டு கறுப்பு. என்து பிரவுனு. அப்பறம் ஜென்மத்துக்கும் நான் உனுக்கு எடது பக்கம்.”

“அதுல இன்னா தப்பு? பொண்டாட்டிதான?”

அதைச் சொன்ன கையோடு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். கலைமதிக்கு ஆத்திரம் தலைக்கு ஏறி, பிறகு விசித்திரமாக அப்படியே அடங்கியது.

“சரி. ஒண்ணு பண்ணு. இன்னிக்கு சாயங்காலம் நீ வூட்ல ஒரு வாட்டி கட்டா பண்ணு. முழுசா. புள்ளையும் உங்கிட்டதான். முடிச்சிட்டன்னா மூணு காலையும் நீ போ, நான் வாயே தெறக்கல. முடிக்கலன்னா நான் போறேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“அப்பறம் மாத்தி பேசக்கூடாது.”

“மாத்திப் பேசறது எங்கூட்டுப் பழக்கம் இல்ல.”

அவன் சிரித்துவிட்டான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. ஜெயித்துவிட்டதாக நினைத்த சிரிப்பு.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவனிடம் குழந்தையைக் கொடுத்தாள். தூளியில் போட்டால் தூங்கிவிடும் என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது, ஒரு கண் பார்த்துக்கொள் என்றாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே குழாயடியில் லூர்தம்மாளோடு நின்றாள். கடைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். கால் போகவில்லை. குடத்தைக் கழுவினாள். கழுவின குடத்தையே மறுபடி கழுவினாள்.

“இன்னாடி, கதவையே பாத்துனுகீற?”

“கம்முனு கேளுங்கக்கா.”

உள்ளே தொம்மென்று ஒரு மிதி. இன்னொரு மிதி. கலைமதி கண்ணை மூடிக்கொண்டாள். சத்தத்தை வைத்தே அவளுக்கு அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தது. இப்போது தடுப்பு. இப்போது இடது கால்.

டங்.

“இன்னா அது?” என்றாள் லூர்தம்மாள்.

“அம்மி. கட்ட வெரலு.”

உள்ளே ஒரு முனகல். நொண்டுகிற காலடி. பிறகு பிடிவாதமாக அடுத்த அடி. இப்போது திரும்புவான், குத்துவிடுவான். தகரம் அதிர்ந்தது.

“பீரோ,” என்றாள் கலைமதி.

“என் சொவுரு, என் மாதா படம்,” என்று லூர்தம்மாள் உள்ளே ஓடினாள்.

அப்போது அவன் கத்தினான். களத்தில் கத்துகிற மாதிரியே, வயிற்றிலிருந்து. லைன் வீடு முழுக்க ஒரு கணம் ஓசையடங்கிப் போனது. அடுத்த கணம் குழந்தை வீறிட்டது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. யாருய்யா அது, யாரை வெட்டுறாங்க என்று ஒரு கிழவர் கேட்டார். உள்ளே ஸ்ரீதரின் குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது: “இல்லடா கண்ணு, இல்லடா, அப்பாதாண்டா.” அழுகை மெல்லமெல்லத் தேய்ந்தது. தூளியின் கயிறு கிறீச்கிறீச்சென்றது. வெகுநேரம் கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி முதலிலிருந்து தொம்மென்று ஒரு மிதி. கூடவே குழந்தை சிணுங்கியது. பால் தீய்கிற வாசனை வந்தது.

கலைமதி கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

அவன் அம்மிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் மடியில் பெல்ட்டின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் வீங்கி நகம் கறுத்திருந்தது. அடுப்பைச் சுற்றிப் பால் பொங்கி வழிந்து கரியாகப் படிந்திருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். துணியெடுத்துத் துடைத்தாள்.

“அந்த அம்மிய,” என்று ஆரம்பித்தான் அவன். “அந்த அம்மிய நீ தினம்—”

“வெரலக் காட்டு.”

“வாணாம்.”

“காட்டு. மஞ்சப்பத்து போட்றேன்.”

காலை நீட்டினான். அவள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவினாள். ஜெயித்தவளுக்கு வர வேண்டிய சந்தோஷம் ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. நாளைக்கு அவன் வாக்குத் தவறினால் என்ன செய்வது என்று ஒரு பக்கமும், வாக்கைக் காப்பாற்றினால் என்ன செய்வது என்று ஒரு பக்கமும் மனசு இடித்துக்கொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தும் எழுந்தாள். துணியை மடித்தாள். பாயை உதறினாள். உதறின பாயை மறுபடி உதறினாள்.

“ஒரு எடத்துல ஒக்காரேன்,” என்றான் அவன்.

“ஒக்கார முடியல.”

“எனுக்கும்தான் முடியல,” என்றான்.

விடியலில் அவள் கண் விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை. எழுந்து உட்கார்ந்தாள்.

அவன் போகவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைக் கால்சட்டையும் மேல்சட்டையும் மாட்டியிருந்தான். பெல்ட்டை மட்டும் கட்டாமல் மடியில் போட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் துணிக்கட்டோடு தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

“இன்னா?” என்றாள்.

“ஒண்ணும் இல்ல. இந்நேரமானா கை தானா எடுத்து மாட்டிக்குது.”

“போறியா?”

“சொன்னது சொன்னதுதான்.”

“மனசாரவா?”

“மனசெல்லாம் கேக்காத கலை. கெளம்பு, நேரம் ஆவுது.”

அவள் முகம் கழுவி உடுப்பை மாட்டினாள். பெல்ட்டை இறுக்கினாள். முடிச்சு இரண்டு தடவை வழுக்கியது. குழந்தை புரண்டு எழுந்து, இரண்டு வெள்ளை உடுப்புகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கியது. அவன் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அது அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. அவன் நொண்டிக்கொண்டே கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த அந்த நாலு அடியில் நடந்தான். திரும்பினான். மறுபடி நடந்தான். அம்மி வந்த இடத்தில் அவன் கால் கொஞ்சம் வளைந்து போனது.

கலைமதி வாசற்படியைத் தாண்டினாள். குளிர் முகத்தில் அறைந்தது. கீழே இறங்கி இரண்டடி வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். அவன் நடப்பதை நிறுத்தவில்லை.

“நீ ஏன் வர்லன்னு மாஸ்டர் கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?”